கலிஃபோர்னியா ஆராய்ச்சி வரிச்சலுகை: ஃபெடரலில் வருவதில் பாதிதான் வருகிறது, ஏன்?

ஃப்ரீமான்ட்வாசி:
வணக்கம். எங்களுடையது சின்ன சி-கார்ப் (லாபத்துக்குத் தானே வரி கட்டும் நிறுவனம்), மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறோம். டெவலப்பர்கள் மூன்று பேர், ஆளுக்கு 1,50,000 டாலர் சம்பளம். இருவர் ஃப்ரீமான்ட்டில், ஒருவர் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் வீட்டிலிருந்து. சென்னையில் தனியாக ஐந்து பேர். வரி மென்பொருளில் போட்டால் ஃபெடரல் (மத்திய அரசு) கிரெடிட், அதாவது வரியில் கழியும் தொகை, 45,000 காட்டுகிறது, கலிஃபோர்னியாவின் ஆராய்ச்சிச் சலுகைப் படிவம் 3523-இல் 22,500தான். எதையாவது விட்டுவிட்டேனா? இடையில் ஒரு ஆலோசகர், "சென்னைச் சம்பளத்தையும் சேர்த்து ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு 20%" என்கிறார்.

பழைய கணக்கர்:
மென்பொருள் சரியாகத்தான் போட்டிருக்கிறது. கலிஃபோர்னியா தன் எல்லைக்குள் நடந்த ஆராய்ச்சிக்குத்தான் சலுகை தரும். ஆகவே ஆஸ்டின்காரர் மாநிலக் கணக்கில் வரமாட்டார், மிச்சம் 3,00,000. விகிதமும் வேறு: ஃபெடரல் வழக்கமான முறையில் 20%, கலிஃபோர்னியாவில் 15%. இரண்டிலுமே, முந்தைய ஆண்டுகளின் வரவை வைத்துக் கணக்கிடும் அடிப்படைத் தொகைக்கு மேல் செலவழித்ததற்குத்தான் கிரெடிட். அந்த அடிப்படை இந்த ஆண்டுச் செலவில் பாதிக்குக் கீழே போகாது. பாதியைக் கழித்துப் பாருங்கள்: 2,25,000-க்கு 20% என்றால் 45,000, 1,50,000-க்கு 15% என்றால் 22,500.

சென்னைச் சம்பளம் இரண்டிலுமே சேராது. அமெரிக்காவுக்கு வெளியே செய்த ஆராய்ச்சியைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. கலிஃபோர்னியா இந்தக் கிரெடிட்டுக்கு ரீஃபண்டும் தருவதில்லை. இரண்டும் தெரியாதவரா அந்த ஆலோசகர்? எனக்கு நம்பிக்கை இல்லை.

பே ஏரியா மாமா:
இங்கே நிறைய பேர் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் ஆட்களின் சம்பளத்தைச் சேர்க்கலாமா என்று பயப்படுகிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். எந்த விசா, எந்த நாட்டவர் என்பதெல்லாம் பேச்சே இல்லை. எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார், அவ்வளவுதான்.

ஃப்ரீமான்ட்வாசி:
மிக்க நன்றி சார். அப்படியானால் எங்கள் ஆள் ஒருவர் ஊருக்குப் போயிருந்தபோது அங்கிருந்தே வேலை பார்த்தாரே, அந்த வாரங்கள்? அப்புறம், நாங்கள் இன்னும் நஷ்டத்தில்தான் ஓடுகிறோம். இந்த 22,500 வீண்தானா?

பழைய கணக்கர்:
அந்த வாரங்களைக் கழித்துவிடுங்கள். கிரெடிட் வீணாகாது. கலிஃபோர்னியாவில் காலவரம்பில்லாமல் பின்னாளுக்கு எடுத்துப் போகலாம். 800 டாலர் குறைந்தபட்ச வரியை மட்டும் இதை வைத்துக் குறைக்க முடியாது.

உங்களுக்கு இப்போது பயன்படுவது ஃபெடரல் பக்கம்தான். ஆண்டு வரவு 50 லட்சம் டாலருக்குள் இருந்து, வரவு தொடங்கி ஐந்து ஆண்டு தாண்டாமல் இருந்தால், முதலாளி கட்ட வேண்டிய ஊதிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 2023 முதல் இதற்கு உச்சவரம்பு 5,00,000 டாலர். ஆனால் ஃபெடரல் கிரெடிட்டுக்கான படிவம் 6765-இல் இதைத் தேர்ந்தெடுப்பது கெடுவுக்குள் போடும் முதல் ரிட்டர்னிலேயே நடக்க வேண்டும். பிறகு திருத்திப் போடும் ரிட்டர்னில் கேட்டால் கிடைக்காது. கலிஃபோர்னியாவில் இந்த வழி இல்லை.

இன்னொன்று. மூவரின் முழுச் சம்பளத்தையும் ஆராய்ச்சி என்று போட்டிருக்கிறீர்கள். விடை தெரியாத தொழில்நுட்பச் சிக்கலை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்த நேரம்தான் ஆராய்ச்சி. வாடிக்கையாளர் கேட்ட நிறத்தில் பொத்தானை மாற்றியது, வெளியிட்ட பிறகு பார்த்த வழக்கமான பராமரிப்பு எல்லாம் சேராது. கிட்டில் உள்ள நிரல் மாற்றப் பதிவுகள், வேலை டிக்கெட்டுகள், வடிவமைப்புக் குறிப்புகளை ஆள்வாரியாக எடுத்து வைத்துவிட்டு, அதன்படி சதவீதத்தைத் திருத்துங்கள்.

ஃப்ரீமான்ட்வாசி:
சரி சார், இந்த வாரமே டிக்கெட்டுகளைப் பிரிக்கச் சொல்கிறேன். ஆலோசகருக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.