காவடி உடுப்பின் நிறமே உலகத்தில் இல்லையாம்!

மலைக்கோயில்:
தைப்பூசத்துக்கு நாம் உடுத்தும் மெஜந்தா நிறம் உலகத்திலேயே கிடையாது, எல்லாம் மூளை கட்டும் கதை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நம் மொரீஷியஸில் கோர் தெ கார்ட் மலைமேல் உள்ள முருகன் கோயிலுக்குக் காவடி ஏறும் வரிசையைப் பார்த்தவர் இப்படிப் பேசுவாரா?

முப்பட்டகம்:
எழுதியது நான்தான். வானவில்லில் மெஜந்தாவைக் காட்டுங்கள் பார்ப்போம். பச்சை என்றால் 530 நானோமீட்டர் என்று ஒரு அலைநீளம் சொல்லலாம். மெஜந்தாவுக்கு அப்படி ஒன்று கிடையாது. கண்ணில் நிறத்தை உணர மூன்று வகைக் கூம்பு செல்கள். சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் தூண்டப்பட்டு, நடுவில் உள்ளது அடங்கிக் கிடந்தால் மூளை அதை மெஜந்தா என்கிறது.

மலைக்கோயில்:
நான் இந்தத் துணி விற்கிறவன் ஐயா. சாயம் பச்சை ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பையும் நீலத்தையும் திருப்பி அனுப்புகிறது. கருவி வைத்து அளந்தாலும் அதேதான் வரும். கருவிக்கு மூளை ஏது?

முப்பட்டகம்:
கருவி அளப்பது ஒளியை, நிறத்தை அல்ல. அலைநீளம் சொல்லுங்கள்.

சாமரேல்காரன்:
எங்கள் சாமரேல் ஊர் ஏழு வண்ண மண்ணைப் பாருங்கள். எரிமலைப் பாறை மக்கி வந்தது, சிவப்பெல்லாம் இரும்பு ஆக்சைடு. உச்சி வெயிலில் ஒரு மாதிரி, சாயங்காலம் வேறு மாதிரி தெரியும். மண் மாறியதா?

மலைக்கோயில்:
மண்ணைப் பற்றி யார் கேட்டது?

ரோஸ்ஹில் தங்கை:
அண்ணே, போன வருஷம் உங்கள் கடையில் வாங்கிய சேலை டியூப்லைட்டில் மெஜந்தா, வெளியே வந்தால் வேறு நிறம். முதல் துவைப்பிலேயே சாயமும் போச்சு.

மலைக்கோயில்:
வெந்நீரில் ஊறப்போட்டால் போகாமல் என்ன செய்யும்?

முப்பட்டகம்:
பார்த்தீர்களா! விளக்கை மாற்றினால் நிறம் மாறுகிறது. ஒளிக்கதிருக்கு நிறமில்லை என்று 1704இல் 'ஆப்டிக்ஸ்' நூலிலேயே நியூட்டன் எழுதிவிட்டார்.

மலைக்கோயில்:
அவர் எல்லாக் கதிருக்கும் சேர்த்துத்தானே சொன்னார்? அப்படியானால் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. நீங்கள் மட்டும் மெஜந்தாவை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? காவடி நிறம் என்ற இளக்காரம்தானே! போன வருஷம் அன்னதானப் பேச்சிலும் இதே புத்திதான்.

முப்பட்டகம்:
அன்னதானத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அலைநீளம் எங்கே?

ரோஸ்ஹில் தங்கை:
சேலைக்குப் பதில் சொல்லுங்கள் அண்ணே.

மலைக்கோயில்:
கடைக்கு வாம்மா, பேசலாம். ஐயா, வெள்ளைக்கும் ஒற்றை அலைநீளம் கிடையாது, பழுப்புக்கும் கிடையாது. நீங்கள் கட்டும் வெள்ளை வேட்டியும் பொய்யா?

முப்பட்டகம்:
வேட்டியை யார் கேட்டது? மெஜந்தாவுக்குச் சொல்லுங்கள்.