மூன்று மணி நேரம் பேசியும் தீர்மானம் எழுதப்படாத செயற்குழுக் கூட்டம்

செம்பூர் செயலாளர்:
அனைவருக்கும் வணக்கம். மும்பை தாராவிப் பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன் நடத்தும் சிறு தொண்டு அமைப்பு ஒன்றுக்குச் சென்ற ஆண்டு முதல் செயலாளராக இருக்கிறேன். செயற்குழுவில் 11 பேர். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு காலை 11 மணிக்குக் கூடுகிறோம். சென்ற கூட்டத்தில், ஆண்டு விழா பேனரில் தலைவரின் படம் இடம்பெற வேண்டுமா என்பதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. புதிய பொருளாளரின் பெயருக்கு வங்கிக் கையெழுத்தை மாற்றும் விஷயம், எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பேசப்பட்டது. நான் எழுதிய மினிட்ஸை (கூட்டக் குறிப்பை) வங்கி திருப்பி அனுப்பிவிட்டதால் இரண்டு ஆசிரியைகளின் சம்பளம் நிற்கிறது. பெரியவர்களின் மனம் நோகாமல் கூட்டத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது?

முலுண்டு தணிக்கையாளர்:
மினிட்ஸில் என்ன எழுதியிருந்தீர்கள்?

செம்பூர் செயலாளர்:
“பொருளாளர் மாற்றம் குறித்துப் பேசப்பட்டது” என்று எழுதியிருந்தேன், ஐயா.

முலுண்டு தணிக்கையாளர்:
வங்கி திருப்பியதில் வியப்பில்லை. பேசியது தீர்மானம் ஆகாது. எந்தக் கணக்கு, யாருக்குப் பதிலாக யார், எந்தத் தேதி முதல், தனித்தா கூட்டாகவா கையெழுத்து, முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்பவையெல்லாம் அந்த வாசகத்திலேயே இருக்க வேண்டும். அதை எழுதி, கூட்டத்திலேயே உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் அடுத்த பொருளுக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இன்னொன்று: மகாராஷ்டிராவில் 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவானவையும் 1950ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைகள் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் பொருளாளர் செயற்குழுவுக்கே புதியவர் என்றால், அச்சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி 90 நாட்களுக்குள் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் சேஞ்ச் ரிப்போர்ட் (மாற்ற அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டும். அங்கும் இதே தீர்மானத்தின் நகலைத்தான் கேட்பார்கள்.

மாட்டுங்கா முன்னாள் தலைவி:
தணிக்கையாளர் ஐயா சொன்னது சரி. ஆனால் கோளாறு நிகழ்ச்சி நிரலிலேயே தொடங்கிவிடுகிறது. “நிதி நிலை”, “ஆண்டு விழா” என்று தலைப்பை மட்டும் போட்டால் ஆளுக்கொரு கதை சொல்லத்தான் செய்வார்கள். “ஆசிரியைகளின் சம்பளத்தை ஜூன் முதல் 500 ரூபாய் உயர்த்தலாமா?” என்று கேள்வியாகவே எழுதி, ஒரு பக்கக் கணக்கையும் இணைத்து ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். பணமும் கையெழுத்தும் முதலில் வரட்டும். பேனரை மூன்று பேர் கொண்ட துணைக்குழுவிடம் விட்டுவிடலாம். பெரியவர் ஒருவர் நீளப் பேசினால் நான் இடைமறிப்பதில்லை, பேனாவைக் கையில் எடுத்து, “ஐயா, இதை எப்படித் தீர்மானமாக எழுதிக்கொள்ளட்டும்?” என்று கேட்பேன். பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுவார்.

டோம்பிவிலி உறுப்பினர்:
ஒரு சிறு மறுப்பு. சம்பளம் வாங்காமல் வருகிறவர்களுக்கு அந்த அரட்டையும் வேண்டும். அதை அடியோடு வெட்டினால் கோரமே (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்களே) சேராது. சாப்பாட்டைக் கூட்டத்துக்குப் பின் வையுங்கள், அரட்டை அங்கே நடக்கட்டும். தவிர, ஞாயிறு 11 மணி என்பது பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் நேரம். சனிக்கிழமை மாலைக்கு மாற்றினாலே பாதிப் பேர் நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

செம்பூர் செயலாளர்:
அனைவருக்கும் நன்றி. கையெழுத்துத் தீர்மானத்துக்காக வரும் சனிக்கிழமையே அவசரக் கூட்டம் நடத்த எங்கள் தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். பேனர் துணைக்குழுவில் தானும் இருக்க வேண்டும் என்கிறார்.

மாட்டுங்கா முன்னாள் தலைவி:
இருக்கட்டும். படத்தின் அளவை மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள்.