நாகத்தூள் பிறைமர் அடியில் இறுகிவிட்டது, உதவி தேவை

வணக்கம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு தண்ணீர்த்தாங்கியின் இரும்புக் கால்களுக்கு நாகத்தூள் (சிங்க் தூள்) எப்பொக்சி பிறைமர், அதாவது அடிப்பூச்சு, பூசவேணும். இரண்டு சிக்கல்.

முதலாவது, பிறைமர் வாளி. நாகத்தை 907 பாகை செல்சியசுக்கு மேல் ஆவியாக்கிக் குளிரவைத்து எடுக்கிற தூள் இது. துணிக்கை சில மைக்ரோன்தான், ஆனால் பாரம் கூட, அதனால் அடியில் படியும். ட்றில்லில் துடுப்புப் பூட்டிக் கலக்கியும் கட்டி கரையவில்லை. மேலே தெளிந்ததைப் பூசினால் அது வெறும் சாம்பல் பெயின்ற். காய்ந்த படலத்தில் நிறைப்படி 80 வீதமாவது நாகம் இருந்து, துணிக்கைகள் ஒன்றையொன்றும் இரும்பையும் தொட்டால்தான் நாகம் முதலில் அரிபட்டு இரும்பு தப்பும். வாளி மூடியும் சற்று உப்பியிருக்கு. ஈரம் புகுந்து ஐதரசன் வந்திருக்கும் என்று நினைக்கிறோம், நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகவில்லை. இதை மீட்கலாமா, எறியத்தான் வேணுமா?

இரண்டாவது, கறள் நீக்கல். கம்பித்தூரிகை போதாது, வெள்ளை உலோகத்துக்கு, அதாவது கறளே இல்லாத வெறும் இரும்புக்கு, கிட்ட வரவேணும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் மணலை வேகமாக அடித்துக் கறள் நீக்கிற பிளாஸ்ரிங் (blasting) மெசின் வாடகைக்கு எடுக்கலாமா? நாள் வாடகை எவ்வளவு? கடல்மணலைச் சொல்லாதையுங்கோ: உப்பு இரும்பில் ஒட்டும், சிலிக்காத்தூள் நுரையீரலைத் தின்னும். அதுக்குப் பதிலாக அடிக்கிற காணற் (garnet) மணல் எங்கே வாங்கலாம்?

மேலே சாதாரண எனாமல் அடிக்கலாம் என்றும் சிலர் சொல்லுகினம். ஆனால் எனாமலில் இருக்கிற அல்கைட் எண்ணெய் நாகத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகி உரிந்துவிடும். எப்பொக்சி மேற்பூச்சுத்தான் தேடுகிறோம்.