பாப்பான் ஊரின் 74ஆம் எண் வீட்டைப் பார்க்க உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் வசிக்கும் நான், வரும் பள்ளி விடுமுறையில் என் தாயாரையும் பிள்ளைகள் இருவரையும் பேராக் மாநிலத்தின் பாப்பான் ஊரில் உள்ள சிபில் கார்த்திகேசு அம்மையாரின் வீட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த சிபில் அம்மையார், ஜப்பானியர் ஆட்சியில் ஈப்போவை விட்டுப் பாப்பானில் தங்கி, ஜப்பானியரை எதிர்த்துக் காயம்பட்ட போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்தார். 'ஜோசஃபின்' என்று பெயரிட்ட வானொலியை மறைத்து வைத்துச் செய்தி கேட்டார். 1943இல் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளாகியும் போராளிகளைக் காட்டிக்கொடுக்காத அவர், பின்னர் வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948இல் பிரிட்டனில் காலமானார்.

என் தாயார் தோட்ட மருந்தகத்தில் டிரெசருக்கு (மருத்துவ உதவியாளருக்கு) உதவியாக இருபது ஆண்டுகள் ஊசிகளைக் கொதிக்க வைத்தவர். அம்மையாரைப் பற்றிய நாளிதழ்த் துண்டு ஒன்றை, மடிப்புகள் கிழியும் அளவுக்குப் பழையதாகியும், இன்னும் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். அந்த வாசலை அவர் ஒருமுறை மிதிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

சென்ற மாதம் போனபோது கதவு பூட்டியிருந்ததால் வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். அண்மையில் சென்று வந்தவர்கள், திறப்பதற்கு முன்கூட்டியே யாரிடம் சொல்ல வேண்டும், முழங்கால் வலியுள்ளவர் படியேறாமல் கீழ்த்தளத்தை மட்டும் பார்க்க முடியுமா, வேன் நிறுத்த இடம் உண்டா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். திரும்பும் வழியில் ஈப்போவில் சிபில் அம்மையாரின் கல்லறைக்கும் செல்ல எண்ணியுள்ளோம். காலையில் எங்கே முதலில் போவது நல்லது என்றும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.