கன்னிங், ஷ்ரூட், ஸ்லை, கிராஃப்டி: நாலுக்கும் 'தந்திரமான' தானா? (அவசரம்)

அவசரக்குடுக்கை:
அகராதியில இந்த நாலு ஆங்கிலச் சொல்லுக்குமே 'தந்திரமான'னுதான் இருக்கு. இன்னொண்ணுல 'சூழ்ச்சித்திறன் உள்ள'. நான் எதைப் போடட்டும்? ராத்திரிக்குள்ள அனுப்பணும். தெரிஞ்சவங்க சட்டுனு சொல்லுங்க.

அரைப்புள்ளி:
எதுல போடணும்? தமிழ்லேர்ந்து ஆங்கிலத்துக்கா, அங்கேர்ந்து இங்கேயா? மூல வாக்கியத்தைக் கொடுங்க.

சொல்சேர்க்கை:
எதைப் பத்தின வாக்கியம்னும் சொல்லுங்க. ஆளா, திட்டமா, சிரிப்பா? இந்தச் சொல்லெல்லாம் துணை பார்த்துத்தான் ஒட்டும். 'ஸ்லை ஸ்மைல்' உண்டு, நம்ம கள்ளச் சிரிப்பு. 'ஷ்ரூட் ஸ்மைல்'னா காதுல இடிக்கும். 'ஷ்ரூட் கெஸ்' உண்டு, விவரமான ஊகம். 'ஸ்லை கெஸ்'னு யாரும் சொல்றதில்ல. 'கன்னிங் பிளான்', 'கிராஃப்டி டிரிக்' ரெண்டும் சகஜம்.

வேர்க்கிழங்கு:
வேரைப் பிடிச்சா குழப்பமே இல்ல. கன்னிங்கோட வேர் 'கேன்', 'முடியும்'ங்கிற அதே ஆங்கிலச் சொல். அதுக்குப் பழைய பொருள் அறிதல். 1611 ஆங்கில பைபிள்ல 137ஆம் சங்கீதம், வலதுகை தன் 'கன்னிங்'கை மறக்கட்டும்னு வரும். அங்கே அது கைத்தொழில் திறமை, வஞ்சகம் இல்ல. கிராஃப்ட்னா பழைய ஆங்கிலத்துல வலிமை, திறன். ஜெர்மன்ல இன்னிக்கும் 'கிராஃப்ட்'னா வலிமைதான். நம்ம 'கைகாரன்' மாதிரி: கைத்திறன்ல தொடங்கி, 'அவன் பலே கைகாரன்'னு கண்ணடிக்கிற இடத்துக்கு வந்துடுச்சு. ஸ்லை பழைய நார்ஸ், அதாவது அந்தக் கால ஸ்காண்டிநேவிய மொழிச் சொல். ஷ்ரூட் முன்னாடி 'பொல்லாத, கெட்ட'ங்கிற வசை.

அரைப்புள்ளி:
உங்க கட்சியை நீங்களே கவுத்துட்டீங்க. வேரை நம்பினா கன்னிங் பாராட்டு, ஷ்ரூட் திட்டு. இன்னிக்கு நிலைமை அப்படியே தலைகீழ். எங்கே கிளம்புச்சுன்னு வேர் சொல்லும், எங்கே வந்து நிக்குதுன்னு சொல்லாது.

பழம்பெருச்சாளி:
இதே கேள்வி வராத மாசமே இல்ல. தேடல் பெட்டி எதுக்கு இருக்கு தம்பி? எடுத்துக்காட்டு வாக்கியத்தோட இருக்கிற ஆங்கில-ஆங்கில அகராதியைத் திறக்காம மொழிபெயர்க்க இறங்கினா இப்படித்தான். கௌரவமா ஒரு சொல் வேணும்னா 'ஆர்ட்ஃபுல்' போடு, வேலை முடிஞ்சுது.

சொல்சேர்க்கை:
ஐயா, அது ஆபத்து. பூ அடுக்கின அழகை 'ஆர்ட்ஃபுல்' எனலாம். ஆளைச் சொன்னா ஏமாத்துற வாடை அடிக்கும். 'ஆர்ட்லெஸ்'னா கலை தெரியாதவர்னும் நினைச்சுடாதீங்க. பெரும்பாலும் அது கள்ளங்கபடமில்லாதவர். 'கேனி'னா முன்ஜாக்கிரதையோட கூடிய விவரம், 'அன்கேனி'னா அமானுஷ்யம். ஒண்ணுக்கொண்ணு எதிர்ச்சொல்லே இல்ல.

அவசரக்குடுக்கை:
மன்னிக்கணும். ஒருத்தருக்குப் பரிந்துரைக் கடிதம். தமிழ்ல இப்படி இருக்கு: 'வாடிக்கையாளர்களிடம் சாமர்த்தியமாகப் பேசி, எந்தச் சிக்கலையும் தந்திரமாகச் சமாளிப்பவர்.' நான் 'கன்னிங்' போட்டு வெச்சிருக்கேன்.

அரைப்புள்ளி:
முதல்ல அதை அழிங்க! வேலை கொடுக்கறவர் கண்ணுல 'இந்த ஆள்கிட்ட ஜாக்கிரதை'னுதான் படும்.

மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. எதிராளி ஏமாறுறாரா? இல்லேன்னா ஷ்ரூட் அல்லது அஸ்டியூட். ரெண்டுமே ஆளையும் நிலவரத்தையும் சரியா எடைபோடறது. ஷ்ரூட்ல காசு, பேரம், நடைமுறை விவரம் தூக்கல். ஏமாறுறார்னா, அதுல மூளை பெருசா, மறைப்பு பெருசா? மூளைன்னா கன்னிங், கிராஃப்டி. இதுல கிராஃப்டி கொஞ்சம் லேசு, கேக்கறவர் முகத்துல பாதிச் சிரிப்பு வரும். மறைப்புன்னா ஸ்லை: பெரிய அறிவு தேவையில்ல, உள்ளே ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளியே காட்டாம இருந்தாப் போதும். கமுக்கம், ஊமைக்குசும்பு. மூணாவது, அந்த ஆள் எதிர்லயே இதை வாசிச்சா முகம் சுளிப்பாரா? நாலுல சுளிக்காம இருக்க வைக்கிறது ஷ்ரூட் மட்டும்தான்.

உங்க வாக்கியத்துல நாலுமே வேண்டாம். 'சாமர்த்தியமாகப் பேசி'க்கு 'டாக்ட்ஃபுல்', மனம் கோணாமப் பேசறவர். 'தந்திரமாகச் சமாளிப்பவர்' இங்கே 'ரிசோர்ஸ்ஃபுல்', கையில இருக்கறதை வெச்சே வழி கண்டுபிடிக்கறவர். விலை பேசறது அவர் வேலைன்னா மட்டும் 'ஷ்ரூட் நெகோஷியேட்டர்' சேருங்க.

வேர்க்கிழங்கு:
தமிழ்ல 'தந்திரமாக'னு எழுதினவரையே முதல்ல கேக்கணும். அது மட்டும் பாராட்டா?

பழம்பெருச்சாளி:
தந்திரம் நடுநிலைச் சொல். 'தந்திரோபாயம்'னு பத்திரிகைல தினமும் வருதே. 'சூழ்ச்சி'தான் சுத்தமான வசை, எப்பவுமே.

வேர்க்கிழங்கு:
எப்பவுமேவா? 671ஆம் குறள், 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்'. அங்கே சூழ்ச்சின்னா ஆலோசனை. ஆராய்ஞ்சு முடிச்சா துணியணும்ங்கிறார். கன்னிங் சறுக்கின அதே சறுக்கல்.

பழம்பெருச்சாளி:
குறளை வெச்சு இன்னிக்குக் கடிதம் எழுத முடியுமா? நாற்றம்னா மணம்னு சொல்லி ஒருத்தர்கிட்ட போய்ப் பேசிப் பாரு.

வேர்க்கிழங்கு:
'எப்பவுமே'ன்னது நீங்கதான் ஐயா. நான் இன்னிக்கு எழுதச் சொல்லல.

சொல்சேர்க்கை:
ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கோங்க. கேட்டவரைக் காணோம்.

அவசரக்குடுக்கை:
அனுப்பிட்டேன், எல்லாருக்கும் நன்றி. 'டாக்ட்ஃபுல் அண்ட் ஆர்ட்ஃபுல்'னு போட்டேன், எதுகையா இருந்துச்சு.

அரைப்புள்ளி:
ஐயோ, நடுவுல இருந்ததைப் படிக்கலையா? இரண்டாவதை எடுத்துட்டு 'ரிசோர்ஸ்ஃபுல்' போட்டு, 'திருத்திய பிரதி'னு இப்பவே இன்னொண்ணு அனுப்புங்க.

சொல்சேர்க்கை:
ஆள் வெளியேறிட்டார் போல.