விளையாடக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்

எங்கள் நாய் செல்லிக்கு ஆறு வயது. ஒருநாள் சாயங்காலம் முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்புறத்தைத் தூக்கி நின்றாள். விளையாடக் கூப்பிட அப்படித்தான் குனிவாள் என்று பந்தை உருட்டினேன். அவள் கண் அதன் பக்கம் போகவே இல்லை. நிமிர்ந்து நாலடி நடந்தாள், மறுபடி அதே குனிவு. விளையாட்டென்றால் இரண்டு நொடியில் துள்ளி எழுவாள், வாலும் ஆடும். இப்போது அரை நிமிடமாகியும் எழவில்லை. வயிற்றைத் தொட்டேன், பலகை மாதிரி இறுகியிருந்தது.

வலிக்குமே என்று நாம் போடும் இப்யூபுரூஃபனைக் கொடுக்கப் போனேன். நல்லவேளை, மருத்துவர் போனிலேயே தடுத்தார். நாய்க்கு அது இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பரிசோதனையில் கணைய அழற்சி என்று தெரிந்தது. முந்தைய நாள் மிஞ்சிய இறைச்சிக் கொழுப்பை அவளுக்கு வைத்தது நான்தான். மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏறியது. அன்று காலையிலிருந்தே குமட்டலில் உதட்டை நக்கினாள், வாயில் ஒன்றுமில்லாமலே விழுங்கிக்கொண்டே இருந்தாள். அதைக் கவனிக்காமல் விட்டது இன்னும் மனதை அறுக்கிறது.

---

எங்கள் ஆண் நாய் விடியற்காலையில் மஞ்சளாக நுரை கக்கும், பிறகு சாதாரணமாகத் திரியும். இரைப்பை நெடுநேரம் காலியாக இருப்பதால் வரும் பித்த வாந்தி என்றார் மருத்துவர். படுக்கும் முன் கொஞ்சம் சாப்பாடு கொடுத்தோம், நின்றுவிட்டது. எப்போதாவது புல் தின்றால் நான் பயப்படுவதில்லை. ஆரோக்கியமான நாயும் தின்னும்.

---

பெரிய உடம்பு, ஆழமான நெஞ்சுள்ள நாய் வளர்ப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். எங்கள் கிரேட் டேன் ராத்திரி சாப்பிட்டபின் ஓங்கரித்துக்கொண்டே இருந்தான். எச்சில் நுரை தவிர எதுவும் வரவில்லை. படுக்க முடியாமல் எழுந்தெழுந்து நடந்தான். விலாவுக்குப் பின்னால் வயிறு உப்பி மத்தளம் போல ஒலித்தது. உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொண்டிருந்தது. அன்றிரவே அறுவை செய்து, மறுபடி முறுக்காமலிருக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். இதில் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். காலையில் பார்க்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

---

கிரேட் டேனின் ஈறு நிறத்தைப் பார்த்தீர்களா?

---

பார்த்தோம், வெளுத்திருந்தது. ரத்த ஓட்டம் சரியாக இருந்தால், ஈறை அழுத்தி விட்டதும் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். சில நாய்களுக்கு ஈறே கருப்பு, அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே அந்த நிறத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால்தான் மாற்றம் கண்ணில் படும்.