நேர்முகத் தேர்வுக்குத் தனியே தேர்ச்சி மதிப்பெண் வைப்பது முறையா?

வைகறை (கேள்வி)

அரசுப் பணி ஒன்றுக்கான தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 400 மதிப்பெண்ணும் நேர்முகத்துக்கு 50 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டிருந்தன. எந்தத் துறை என்பதை இங்கே சொல்ல விரும்பவில்லை. எழுத்துத் தேர்வில் 271 எடுத்தேன், நேர்முகத்தில் 18. ஆக மொத்தம் 289. என் பிரிவில் கடைசியாகத் தேர்வானவரின் மொத்தம் 268 என்று வெளியான பட்டியலே சொல்கிறது. ஆனாலும் என் பதிவெண் அதில் இல்லை. விசாரித்தபோது, நேர்முகத்தில் 40 சதவீதம், அதாவது 20 மதிப்பெண் எடுக்காதவர்களின் மொத்தம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளப்படாது என்று பதில் வந்தது.

நேர்முகம் 12 நிமிடம் நடந்தது. நான் தமிழ்வழியில் படித்தவள். முதல் கேள்வி ஆங்கிலத்தில் வந்ததும், தமிழில் பதில் சொல்லலாமா என்று கேட்டேன்; "தாராளமாக" என்றார்கள். அடுத்த மூன்று கேள்விகளும் ஆங்கிலத்திலேயே வந்தன. மூன்று நாள் உட்கார்ந்து எழுதி, பெயர் தெரியாத ஒருவர் திருத்திய விடைத்தாள்களை 12 நிமிடம் ஒன்றுமில்லாமல் செய்துவிட முடியும் என்றால், எழுத்துத் தேர்வு எதற்கு என்பதே என் கேள்வி. சட்டம் இதை அனுமதிக்கிறதா?

வழக்காடு மன்றத்தான்

சகோதரி, இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. நேர்முகத்துக்கு எவ்வளவு மதிப்பெண் ஒதுக்கலாம் என்பது ஒன்று; ஒதுக்கியதில் இவ்வளவு எடுத்தே தீர வேண்டும் என்று கோடு கிழிக்கலாமா என்பது வேறொன்று.

முதலாவதற்கு 1985-இல் அசோக் குமார் யாதவ் எதிர் ஹரியானா அரசு வழக்கு வழிகாட்டுகிறது. பொதுப் பிரிவினருக்கு 22.2 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு 33.3 சதவீதமும் நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்ததை மிகை என்று கண்ட உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவினருக்கு 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. உங்கள் தேர்வில் 450-க்கு 50 என்பது ஏறக்குறைய 11 சதவீதம்தான். அதில் பிடி கிடைக்காது.

இரண்டாவதில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்த்தது, கோடு எப்போது கிழிக்கப்பட்டது என்பதையே. ஆந்திரப் பிரதேசத்தில் மாவட்ட நீதிபதிகள் தேர்வில் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்த பிறகு நேர்முகத்துக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் புகுத்தப்பட்டது. ஆட்டம் முடிந்தபின் ஆட்ட விதியை மாற்றுவதற்கு ஒப்பானது இது என்று கூறி, 2008-இல் மஞ்சுஸ்ரீ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. கேரளத்திலும் அதே கதை: 2015-இல் வெளியான அறிவிக்கையில் நேர்முகத்துக்குத் தனி வரம்பு இல்லை, 2017-இல் நேர்முகம் முடிந்த பிறகு வரம்பு வைத்தார்கள். அது தவறு என்று 2023 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் தேர்வானவர்கள் ஆறு ஆண்டுகள் பணியாற்றிவிட்டதால் அவர்களை நீக்க மறுத்துவிட்டது. வழக்குத் தொடுத்தவர்களுக்குத் தீர்ப்பு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.

2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கில் இன்னொரு அரசியல் சாசன அமர்வு மஞ்சுஸ்ரீ தீர்ப்பை உறுதிசெய்ததோடு, ஒவ்வொரு கட்டத்துக்கும் வரம்பு வைப்பதானால் அந்தக் கட்டம் வருமுன்பே அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. எனவே நான் அறிய வேண்டியது ஒன்றுதான்: அந்த 40 சதவீதம் அறிவிக்கையில் இருந்ததா?

வைகறை

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஐயா. 12-ஆம் பக்கத்தில், இடஒதுக்கீட்டு அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. விண்ணப்பித்தபோது பாடத்திட்டத்தை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

வழக்காடு மன்றத்தான்

அப்படியானால் வழக்குக்கு வலுவில்லை. நேர்முகத்துக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டாம் என்று நீதித்துறைப் பணிகளுக்காக ஷெட்டி ஆணையம் பரிந்துரைத்திருந்தும், விதியிலேயே எழுதிவைத்த வரம்பு செல்லும் என்று 2024 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பணத்தைச் செலவழித்துவிட்டு வருந்த வேண்டாம் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

கிழக்குச் சீமை

அந்த வரம்பு தேவை என்றே நான் நினைக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் எழுத்துத் தேர்வில் முதலிடம் பிடித்து வந்த ஒருவர், முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த பாட்டியை முகம் பார்த்துப் பேசாமல் நான்கு முறை திருப்பி அனுப்பினார். மக்களை நேரில் சந்திக்கும் பணிக்கு, பேச்சும் பொறுமையும் ஓரளவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று விதி சொல்வதில் என்ன பிழை?

ஓய்வுபெற்றவன்

நேர்முகக் குழுக்களில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கிழக்குச் சீமை அவர்கள் சொல்லும் குணத்தை 12 நிமிடத்தில் கண்டுபிடித்த உறுப்பினர் எவரையும் நான் பார்த்ததில்லை. அந்த அலுவலரும் ஏதோ ஒரு குழுவின் முன் கைகூப்பிச் சிரித்துவிட்டுத்தானே வந்திருப்பார்?

நடப்பது இதுதான். காலையில் முதலாவதாக வருபவருக்கு ஆளுக்கொரு மதிப்பெண்ணைப் பென்சிலால் குறிப்போம். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "30 போடலாமா?" என்பார். அந்த 30தான் அன்று முழுவதற்கும் அளவுகோல். மாலையில் பென்சில் குறிப்புகள் அழிக்கப்பட்டு, ஒப்புக்கொண்ட ஒரே எண் மையால் எழுதப்படும். இப்படி வந்த எண்ணில் 18-க்கும் 20-க்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு நுட்பமானது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தனி வரம்பு இல்லாத இடத்தில் அந்த இரண்டு மதிப்பெண் இரண்டு மதிப்பெண்தான். எழுத்துத் தேர்வில் ஈடுகட்டிவிடலாம். வரம்பு இருக்கும் இடத்தில் 18 என்று எழுதுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அம்மா, உங்கள் 271-ஐயும் சேர்த்து அடித்துவிடுகிறார். 11 சதவீத எடை என்று வழக்கறிஞர் சொன்னது தாளில் உள்ள கணக்கு. வரம்புக்குக் கீழே போனவருக்கு அது நூற்றுக்கு நூறு.

குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத்துக்கு உண்டு. ஆனால் குறைந்தபட்ச மதிப்பெண் கிடையாது. நம் மாநிலத்தின் குரூப் 1 தேர்விலும் எழுத்துக்கு 750, நேர்முகத்துக்கு 100 என்று வைத்து, தகுதி வரம்பை இரண்டும் சேர்ந்த மொத்தத்துக்கே விதித்திருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியரையும் துணை ஆட்சியரையும் தேர்ந்தெடுக்கவே தேவைப்படாத வரம்பு மற்றப் பணிகளுக்கு ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மத்திய அரசோ 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத்தையே விலக்கிவிட்டது.

வரம்பு இருந்தே ஆக வேண்டும் என்றால், அதற்குக் கீழே போடும் ஒவ்வொருவருக்கும் காரணத்தை நான்கு வரி எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று விதி செய்யட்டும். எழுத வேண்டும் என்றாலே பாதிப் பேர் 18 போட மாட்டார்கள். எங்களை எனக்குத் தெரியும்.

வைகறை

அனைவருக்கும் நன்றி. வழக்குக்குப் போகப்போவதில்லை. குழு எனக்கென்று ஏதேனும் குறிப்பு எழுதிவைத்திருக்கிறதா என்று மட்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பினேன். வயது வரம்புப்படி இன்னும் ஒரு முறை எழுதலாம். அடுத்த அறிவிக்கை வந்தால் 12-ஆம் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.